நியூட்டன்–ராப்சனை எதில் எழுதிப் பழகுவது?

நியூட்டன்–ராப்சன் மாதிரி, விடையைப் படிப்படியாக எண்களால் நெருங்கும் எண்ணியல் முறைகளை (நியூமெரிக்கல் மெத்தட்ஸ்) எந்தக் கணினி மொழியில் கற்கலாம் என்பதுதான் பேச்சு. முதலில் ஒரு சின்னக் கணக்கு. எக்ஸ்² − 10⁸எக்ஸ் + 1 = 0. பள்ளியில் மனப்பாடம் செய்த இருபடிச் சூத்திரத்தை அப்படியே புரோகிராமாக எழுதி, சிறிய மூலத்தைக் கேளுங்கள். விடை 0.00000001-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கணினி தருவது 0.00000000745. நான்கில் ஒரு பங்கு தவறு. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை.

பைத்தானில் இதே விடை. ஜூலியாவில், ஆக்டேவில், சி மொழியில், இரட்டைத் துல்லியத்தில், அதாவது ஓர் எண்ணுக்கு 64 பிட் ஒதுக்கி, எழுதிய ஃபோர்ட்ரானிலும் இதே விடைதான். 1985-இல் வந்த ஐ-ட்ரிபிள்-ஈ 754 தரத்தின்படிதான் இவை எல்லாமே தசம எண்களைச் சேமிக்கின்றன. 53 இரும இலக்கம், நம் கணக்கில் ஏறக்குறைய 16 தசம இலக்கம். இரண்டு பெரிய, கிட்டத்தட்டச் சமமான எண்களைக் கழித்தால் முன்னால் இருக்கும் இலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப்போய், கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த குப்பை மட்டும் விடையாக நிற்கும். பெரிய மூலத்தை முதலில் கண்டுபிடித்து, 1-ஐ அதனால் வகுத்தால் சிறிய மூலம் சரியாக வந்துவிடும். மாற்ற வேண்டியது வழியை. மொழியை மாற்றி ஒரு பயனும் இல்லை.

"நியூமெரிக்கல் மெத்தட்ஸ் கற்க எந்த மொழி நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் காட்டுகிறேன். வேகம், வேலைவாய்ப்பு, விலை என்று ஒப்பிட ஆயிரம் இருக்கலாம். கற்பவருக்கு நான் வைக்கும் உரைகல் ஒன்றுதான்: கணக்கு எங்கே கெடுகிறது என்பதை எந்தக் கருவி கண்முன் காட்டுகிறது? அந்த உரைகல்லில் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்க்கிறேன்.

விரிதாளை, அதாவது எக்செல், கால்க் வகையறாவை, கேலி செய்பவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். ஓர் உத்தேச எண்ணில் தொடங்கி, அங்குள்ள சாய்வை வைத்து அதைத் திருத்திக்கொண்டே போவது நியூட்டன் (நியூட்டன்–ராப்சன்) முறை. 2-இன் வர்க்கமூலத்தை அந்த முறையில் ஒரு நெடுவரிசையில் இறக்கிப் பாருங்கள். 1-இல் தொடங்கினால் 1.5, அடுத்து 1.41667, அடுத்து 1.4142157, அடுத்து 1.41421356237. சரியான இலக்கங்கள் 3, 6, 12 என்று இரட்டிப்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. பக்கத்து நெடுவரிசையில், மூலம் இருக்கும் இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைக்கும் இருசமக்கூறிடும் முறையை ஓடவிட்டால், 1-க்கும் 2-க்கும் இடையில் தொடங்கி அதே 12 இலக்கத்துக்கு ஏறக்குறைய 40 வரி இறங்க வேண்டும். "இருபடி ஒருங்கல்" என்று புத்தகம் அரைப்பக்கத்தில் சொல்வதை இரண்டு நெடுவரிசைகள் சொல்லிவிடுகின்றன.

நியூட்டன் முறை தவறுவதையும் அங்கேயே பார்க்கலாம். எக்ஸ்³ − 2எக்ஸ் + 2 என்ற கோவைக்கு 0-இல் தொடங்கினால் 1 வரும். 1-இலிருந்து மறுபடி 0 வரும். எத்தனை வரி இழுத்தாலும் 0, 1, 0, 1 என்று செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். ஆர்க்டேன் சார்புக்கு, அதாவது டேனின் நேர்மாறுக்கு, மூலம் 0 என்று நமக்கே தெரியும்; ஆனால் 1.5-இல் தொடங்கினால் −1.69, 2.32, −5.11 என்று இரு பக்கமும் துள்ளித் துள்ளி ஓடிப்போகும். 1-இல் தொடங்கினால் ஒழுங்காக வந்து சேரும். இதையெல்லாம் புரோகிராமுக்குள் ஒரு லூப்பில் ஒளித்துவைத்து, கடைசி விடையை மட்டும் அச்சிட்டுப் பார்ப்பவர் இழப்பது அதிகம்.

விரிதாளின் எல்லை சீக்கிரமே வந்துவிடும். மூன்று சமன்பாடுகளைத் தாண்டி அணிகளோடு மல்லுக்கட்ட அது சரிப்படாது. போதாக்குறைக்கு, எக்செல்லில் −2^2 என்று எழுதினால் 4 என்று வரும். பைத்தான் −4 என்கிறது. கழித்தல் குறிக்கு முன்னுரிமை தருவதில் எக்செல் வேறு கட்சி. ஒரு வாரம் அதில் இருங்கள், பிறகு கிளம்புங்கள்.

அடுத்து அணிக் கணக்குக்கான மேட்லாப் மென்பொருள், அதன் இலவசச் சகோதரன் ஆக்டேவ். இவற்றின் பிறப்பே நம் பேச்சுக்குப் பொருத்தமானது. கிளீவ் மோலர் 1970-களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது, மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதிச் சிரமப்படாமல் லின்பேக், ஐஸ்பேக் என்ற அணிக் கணக்கு நூலகங்களை (ஆயத்தப் புரோகிராம் தொகுப்புகளை) தொட்டுப் பார்க்கட்டும் என்று செய்ததுதான் முதல் மேட்லாப். 1984-இல் அது நிறுவனத் தயாரிப்பானது. ஆக்டேவும் வேதிப்பொறியியல் பாடத்துக்குத் துணையாகத் தொடங்கப்பட்டதே. இசையின் எட்டுச் சுரத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற வேதிப்பொறியியல் பேராசிரியரின் பெயர் அது.

வகுப்புக்காகப் பிறந்தவை என்பது பயன்படுத்தும்போதே தெரியும். அணி என்றால் அணிதான். பெருக்கல் குறி என்றால் அணிப்பெருக்கல்தான். எண்ணுவதும் புத்தகத்தில் உள்ளபடி 1-இலிருந்துதான். என் உரைகல்லில் இவை ஓரிடத்தில் மற்ற எல்லாவற்றையும் முந்துகின்றன. ஹில்பர்ட் அணி என்று ஒன்று உண்டு: முதல் நிரை 1, 1/2, 1/3…, இரண்டாவது 1/2, 1/3, 1/4… இப்படியே போகும். பார்க்கப் பரம சாது. 15 நிரையில் அதை உருவாக்கி, விடை எல்லாமே 1 என்று வரும்படி வலப்பக்கத்தை அமைத்துத் தீர்த்துப் பாருங்கள். 1-ஐ விட்டு வெகுதூரம் போன எண்கள் வரும். ஆக்டேவும் மேட்லாப்பும் "இந்த அணி தீர்வில்லா அணிக்கு மிக நெருக்கம்" என்ற பொருளில் உடனே எச்சரிக்கும். பைத்தானின் அணிக் கணக்கு நூலகமான நம்பை, அதே கெட்டுப்போன விடையைப் புன்னகையோடு நீட்டும். அங்கே, சிறு பிழை விடையில் எவ்வளவு பெருகும் என்று சொல்லும் நிபந்தனை எண்ணை நீங்களாகக் கேட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். கேட்கவேண்டும் என்பது தெரிந்தவருக்கு எச்சரிக்கையே தேவையில்லை!

குறை? மேட்லாப்புக்கு உரிமக் கட்டணம் உண்டு. கல்லூரி தரும் உரிமம் படிப்பு முடிந்ததும் போய்விடும். ஆக்டேவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் லூப் எழுதினால் நகராது. இரண்டுக்கும் பொதுவான ஆபத்து அந்தப் பின்சாய்வுக் கோடு (\). ஒரே எழுத்தில் சமன்பாட்டுத் தொகுதி தீர்ந்துவிடும். மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கித் தீர்க்கும் காஸ் நீக்கலை ஒருமுறைகூடக் கையால் எழுதாமல் முழுப் பருவத்தையும் ஓட்டிவிடலாம்.

பைத்தானைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலானோர் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரப்போகிறார்கள். நம்பை 2006-இல் இன்றைய வடிவுக்கு வந்தது. அறிவியல் கணக்குகளுக்கான சைப்பை நூலகம் அதற்கும் முந்தியது, 2001. வரைபடம், தரவு, இயந்திரக் கற்றல், இணையம் என்று ஒரே மொழியில் எல்லாம் இருக்கின்றன. மாட்டிக்கொண்டால் கேட்க ஆளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் எண்ணியல் கற்பவருக்கென்றே அது சில பள்ளங்களை வெட்டி வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றில் நானே விழுந்து, ஒரு மாலை முழுக்க என் காஸ் நீக்கல் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்கு இவ்வளவுதான்: 2எக்ஸ் + ஒய் = 3; எக்ஸ் + 3ஒய் = 5. விடை எக்ஸ் 0.8, ஒய் 1.4. எனக்கு வந்தது 0.75, 1.5. முறை சரி, புரோகிராமும் சரி. கெழுக்களை 2, 1, 1, 3 என்று புள்ளியில்லாமல் கொடுத்ததுதான் தவறு. நம்பை அதை முழு எண் அணியாகவே எடுத்துக்கொண்டது. நீக்கலின்போது 3-இலிருந்து 0.5 கழித்து 2.5 வந்ததா, அதை முழு எண் பெட்டிக்குள் போட வேண்டும் என்பதால் 2 ஆக வெட்டிவிட்டது. வலப்பக்கத்தின் 3.5-ம் 3 ஆனது. முழு நிரையையும் ஒரே அடியாக "கழித்தல்-சமன்" குறியால் எழுதியிருந்தால் வகை பொருந்தவில்லை என்று பிழைச் செய்தி வந்திருக்கும். உறுப்பு உறுப்பாக எழுதினாலோ, கழித்ததைத் திரும்ப நிரையில் வைத்தாலோ, மூச்சுவிடாமல் வெட்டும். விடை அபத்தமாக இருந்திருந்தால் உடனே பிடித்திருப்பேன். நம்பும்படி இருந்ததுதான் வில்லங்கம்.

இரண்டாவது பள்ளம், நிரைகளை இடம் மாற்றுவது. பைத்தானில் இரண்டு மாறிகளை ஒரே வரியில் இடம் மாற்றலாம். அதே பழக்கத்தில் நம்பை அணியின் இரண்டு நிரைகளை மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நம்பை நிரையை நகலெடுத்துத் தருவதில்லை, அதே நினைவிடத்தைத் திறந்துகாட்டும் ஒரு சன்னலைத்தான் தருகிறது. முதல் நிரை மாறியவுடன் அந்தச் சன்னல் வழியே தெரிவதும் மாறிவிடுகிறது. வகுக்க ஏற்ற பெரிய எண்ணை, அதாவது முன்னிலை உறுப்பை, தேடி நிரை மாற்றுவது காஸ் நீக்கலின் உயிர்நாடி. சரியாக அந்த இடத்தில் இந்தப் பள்ளம்.

இவ்வளவு குறை சொல்லியும் பைத்தானை ஒதுக்கமாட்டேன். இந்தப் பள்ளங்களை முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டால் போதும். முழு எண்ணைத் தசமமாகக் கொடு, நிரையை நகலெடுத்து மாற்று, அணிப்பெருக்கலுக்கு நட்சத்திரக் குறியை விட்டுவிட்டு அதற்கென உள்ள குறியைப் போடு. மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் திரையில் ஒட்டிக்கொள்ளலாம். லூப் வேகம் குறைவு என்பது கற்கும் கட்டத்தில் பெரிய தடையும் இல்லை. 1000 சமன்பாடுகளுக்குக் காஸ் நீக்கல் ஏறக்குறைய 67 கோடிச் செயல்கள். அதைத் தூய பைத்தான் லூப்பில் ஓட்டிக் காத்துக்கிடந்தவருக்குத்தான் கன வளர்ச்சி என்றால் என்னவென்று உடம்பில் ஏறும்.

ஜூலியா வேறு ரகம். 2012-இல் வெளியானது, 2018-இல் 1.0 பதிப்பு. எண்ணியல் வேலைக்கென்றே யோசித்துச் செய்த மொழி என்பது தொட்ட இடமெல்லாம் தெரிகிறது. லூப்பை லூப்பாகவே எழுதலாம், வேகத்துக்காக அதை அணிச் செயலாக மாற்றித் திருக வேண்டியதில்லை. ஆனால் கற்பவருக்கு நான் ஜூலியாவைக் காட்டுவதற்குக் காரணம் வேகம் இல்லை. ஒருமுறை எழுதிய சார்பை, ஒரு எழுத்தையும் மாற்றாமல், 32 பிட் எண்ணில், 64 பிட் எண்ணில், 256 பிட் பெரிய எண்ணில் ஓட்டிப் பார்க்கலாம். தொடக்கத்தில் சொன்ன இருபடிச் சமன்பாட்டை அப்படி ஓட்டுங்கள். 32 பிட்டில் சிறிய மூலம் 0 ஆகவே போய்விடும். 64 பிட்டில் நான்கில் ஒரு பங்கு தவறு. 256 பிட்டில் சரி. இதன்பிறகு, தவறு சூத்திரத்திலா எண்ணின் அகலத்திலா என்ற கேள்விக்கு யாரும் விளக்கவுரை எழுத வேண்டாம். பைத்தானிலும் எம்பிமேத் போன்ற கூடுதல் துல்லிய நூலகங்களால் இதைச் செய்யலாம், ஆனால் புரோகிராமில் இங்கும் அங்கும் கைவைக்க வேண்டிவரும். செய்யச் சோம்பல்பட்டு விட்டுவிடுவோம்.

ஜூலியாவின் குறைகள்: ஒரு சார்பை முதல்முறை அழைக்கும்போது அது இயந்திர மொழிக்குத் தொகுத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், 2023-இல் வந்த 1.9 பதிப்பு இதைக் கணிசமாகக் குறைத்தது. பைத்தானோடு ஒப்பிட்டால் கேட்க ஆட்கள் குறைவு. ஹில்பர்ட் அணி விஷயத்தில் இதுவும் வாயைத் திறக்காது.

ஃபோர்ட்ரான், சி++ பற்றிச் சுருக்கமாக. 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் இன்னும் சாகவில்லை. வானிலை மாதிரிகளில், பாய்ம இயக்கவியலில் அது மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பைத்தானில் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்தால் உள்ளே வேலை செய்வது 1992-இல் வெளியான, ஃபோர்ட்ரானில் எழுதிய அணிக் கணக்கு நூலகமான லாபேக்கின் வழித்தோன்றல்தான். மேட்லாப், ஜூலியா கதையும் அதேதான். மேலே பெயர்ப்பலகை வேறு, உள்ளே சமையல்காரர் ஒருவரே. ஆனால் முதல் மொழியாக இதை எடுக்க வேண்டாம் என்பேன். இரட்டைத் துல்லிய மாறியில் 0.1 என்று வைத்தாலும், எழுத்தாக வந்த அந்த 0.1-ஐ ஃபோர்ட்ரான் ஒற்றைத் துல்லியத்தில்தான் (32 பிட்டில்தான்) படிக்கும். உள்ளே போவது 0.10000000149.

"எட்டாவது இலக்கத்துக்குப் பிறகுதானே" என்று தோன்றும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்த ஏவுகணையைத் தவறவிட்டு 28 படைவீரர்கள் இறந்ததற்குக் காரணம் இதே 0.1. மொழி வேறு, நோய் ஒன்று: இரும எண்முறையில் 0.1 முடிவில்லாமல் நீளும் பின்னம். அதை 24 பிட்டில் வெட்டியபோது ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடிக்கும் ஏறக்குறைய 0.000000095 பிழை. 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் அது 0.34 விநாடியாகச் சேர்ந்திருந்தது. அவ்வளவு நேரத்தில் ஒரு ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

மொழியை ஒருவழியாகத் தேர்ந்தெடுத்தபின் இன்னொரு தேர்வு காத்திருக்கிறது. எல்லாவற்றையும் நாமே எழுதுவதா, நூலகத்தை அழைப்பதா? இதில் இரண்டு கட்சிகள் உண்டு, இரண்டுமே மிகை. நான் கோடு போட்டுக்கொண்டது இப்படி: பத்து முப்பது வரிகளில் முடிவதைக் கையால் எழுது. நியூட்டன், இருசமக்கூறிடல், தொகையிடலுக்குச் சிம்ப்சன் விதி, காஸ் நீக்கல், வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு ஆய்லர், நான்காம் படி ரங்கே–குட்டா. ஐகன் மதிப்புகள், விரைவு ஃபூரியே மாற்றம், தானே அடியளவை மாற்றிக்கொள்ளும் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்வி, இவற்றுக்கு நூலகத்தை அழை. ஐகன் மதிப்புகளுக்காக 1961-இல் முன்வைக்கப்பட்ட கியூ-ஆர் முறையை நானே எழுதி லாபேக்கை மிஞ்சப்போவதில்லை.

கையால் எழுதுவதன் பயன் நூலகத்தை அழைக்கும்போதுதான் தெரியவரும். ஒய்-இன் வகைக்கெழு = −50ஒய், தொடக்கத்தில் ஒய் 1. உண்மை விடை சட்டென்று பூச்சியத்தை நோக்கி விழும். இப்போதைய சாய்வை வைத்து அடுத்த மதிப்பைக் கணிக்கும் ஆய்லர் முறையில் 0.05 அடியளவு வைத்தால் ஒவ்வோர் அடியிலும் −1.5-ஆல் பெருக்குகிறோம்: 1, −1.5, 2.25, −3.375… விழவேண்டியது வானத்துக்கு ஏறுகிறது. அடியளவை 0.01 ஆக்கினால் 0.5-ஆல் பெருக்கல், அடங்கிவிடும். அடுத்த புள்ளியின் சாய்வை எடுத்துக்கொள்ளும் பின்னோக்கிய ஆய்லரில் 0.05-க்கே 3.5-ஆல் வகுக்கிறோம், அதனால் எந்த அடியளவிலும் வெடிக்காது. இதை ஒருமுறை கையால் செய்தவருக்கு, மேட்லாப்பில் வழக்கமான தீர்வியான ஓடிஇ45 ஆமையாக நகரும்போது, இத்தகைய சமன்பாடுகளுக்கென்றே உள்ள ஓடிஇ15எஸ்-க்கு மாற வேண்டும் என்று தோன்றும். சைப்பையில் வழக்கமாகக் கிடைக்கும் ரங்கே–குட்டா வகைத் தீர்வியை விட்டு, அதே வேலைக்கான ரடாவ் அல்லது பிடிஎஃப் தீர்வியைக் கேட்கவேண்டும் என்று தோன்றும். செய்யாதவர் வேகமான கணினி வாங்கப் போவார்.

செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கினால் என்ன என்று இப்போது கேட்கிறார்கள். வாங்கலாம். வந்த நியூட்டன் புரோகிராமுக்கு ஆர்க்டேனையும் 1.5-ஐயும் கொடுங்கள், வந்த காஸ் நீக்கலுக்கு இரண்டு சமன்பாடுகளின் அணியில் முதல் உறுப்பு 10⁻²⁰, மற்ற மூன்றும் 1, வலப்பக்கம் 1, 2 என்று கொடுங்கள். நிரை மாற்றாத புரோகிராமாக இருந்தால் 0, 1 என்று சொல்லும். உண்மையில் இரண்டுமே 1-ஐ ஒட்டியவை. இப்படி நாலு கணக்குக் கைவசம் இருந்தால் யார் எழுதிக் கொடுத்த புரோகிராமாக இருந்தாலும் பயமில்லை.

என்னைக் கேட்டால், கல்லூரியில் பாடமாக எடுத்து வீட்டுப்பாடம் சமர்ப்பிக்க வேண்டியவருக்கு ஆக்டேவ். பாடப்புத்தகத்துக்கும் திரைக்கும் இடைவெளி அதில்தான் குறைவு. தரவு, இயந்திரக் கற்றல் பக்கம் போகப்போகிறவர், அல்லது எங்கே போவதென்று இன்னும் தெரியாதவர், பைத்தான் எடுக்கட்டும், மேலே சொன்ன சீட்டோடு. இயற்பியல், பொறியியல் பாவனைகளை (சிமுலேஷன்களை) வருடக்கணக்காக எழுதப்போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தால் ஜூலியா. முதல் மாதம் தனியாக அலைந்தது போலிருக்கும், ஆறாவது மாதம் நன்றி சொல்வீர்கள். ஃபோர்ட்ரானைத் தேடிப் போகவேண்டாம். 40 வருடப் பழைய புரோகிராம் ஒன்றை யாராவது உங்கள் கையில் கொடுக்கும் நாளில் அதுவே தேடி வரும். அன்றைக்கு முதல் வேலையாக 0.1 என்று எழுதியிருக்கும் இடங்களைத் தேடுங்கள்.